விதிகள் செய்யும் விமரிசனம்: புக்கர் பரிசும் தமிழ்ப் புனைகதையும்

ஆய்வுச் சுருக்கம்

இலக்கியப் பரிசு என்பது நடுவர்களின் சுவையுணர்வாலும் வாதத்தாலும் முடிவாவது என்பது பொதுவான எண்ணம். புக்கர் பரிசு, பன்னாட்டு புக்கர் பரிசு ஆகிய இரண்டின் தகுதி விதிகளை ஆராயும் இக்கட்டுரை, நடுவர்கள் முதல் நூலைத் திறப்பதற்கு முன்பே தெரிவின் பெரும்பகுதி நடந்து முடிந்துவிடுகிறது என்று வாதிடுகிறது. ஷெஹான் கருணாதிலகவின் நாவல் இரு வடிவங்களில் வெளிவந்தமையும், பெருமாள்முருகனின் 'பூக்குழி' 2013 முதல் 2023 வரை கடந்துவந்த வழியும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. விருதை அளவுகோலாகக் கொண்டு முதன்மை ஆதாரங்களைத் தெரிவுசெய்யும் தமிழாய்வு வழக்கிற்கு இதனால் எழும் சிக்கல்களும் சுட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: புக்கர் பரிசு, பன்னாட்டு புக்கர் பரிசு, தகுதி விதி, மொழிபெயர்ப்பு, பதிப்பு வரலாறு, பூக்குழி

முன்னுரை

தமிழகப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேட்டுத் தலைப்புகளைப் பார்வையிடுவோர்க்குச் 'சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல்கள்' என்னும் தொடர் மிகப் பழகியது. ஆய்வெல்லையை வகுத்துக்கொள்ள விருது ஓர் எளிய கருவி. நூல்கள் இத்தனை, ஆண்டுகள் இவை என்று எண்ணிக் காட்டிவிடலாம். 'ஏன் இந்நூல்களை எடுத்துக்கொண்டீர்கள்' என்று வாய்மொழித் தேர்வில் எழும் வினாவுக்கும் விடை ஆயத்தமாக இருக்கும். 2023 மார்ச்சு மாதத்தில் 'பூக்குழி' தன் ஆங்கில வடிவில் பன்னாட்டு புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்ற பிறகு, இக்கருவியின் கை இலண்டன்வரை நீண்டுவிட்டது. அப்பட்டியலுக்குள் சென்ற முதல் தமிழ் நாவல் என்று அதனைக் குறிப்பது இப்போது வழக்கமாகியிருக்கிறது.

அவ்வாறு குறிப்பதில் பிழையில்லை. எனினும் அக்குறிப்பு உண்மையில் எதனைப் பற்றியது? தமிழ் நாவலைப் பற்றியதா, அதன் மொழிபெயர்ப்பைப் பற்றியதா, அம்மொழிபெயர்ப்பு எந்த நகரத்தில் எந்த ஆண்டில் அச்சேறியது என்பதைப் பற்றியதா? பரிசு இயங்கும் முறையை அறியாமல் பரிசுச் செய்தியை ஆய்வுச் சான்றாக்குவது, கல்வெட்டின் காலத்தை அறியாமல் அதன் வாசகத்தை மேற்கோள் காட்டுவதை ஒக்கும். அச்செய்தியை விளைவித்த விதிகளை இக்கட்டுரை முதலில் படிக்க முயல்கிறது.

பரிசுகளைப் பற்றிய கோட்பாட்டு நூல்கள் ஆங்கிலத்தில் பல. ஜேம்ஸ் இங்கிலிஷ் 2005இல் வெளியிட்ட 'தி எகானமி ஆஃப் பிரெஸ்டீஜ்' என்னும் நூல், பியர் பூர்தியுவின் பண்பாட்டு மூலதனக் கருத்தை விரித்து, பணமும் புகழும் ஒன்று மற்றொன்றாக மாறும் இடமாகப் பரிசைக் காண்கிறது. பாஸ்கல் கஸனோவா, பாரிஸ், இலண்டன் போன்ற தலைநகரங்கள் பிறமொழி எழுத்தாளர்க்கு இலக்கியத் தகுதி வழங்கும் அதிகாரத்தைத் தம்மிடம் குவித்துக்கொண்ட வரலாற்றை எழுதினார். கிரஹாம் ஹக்கன் 2001இல் புக்கர் பரிசையே எடுத்துக்கொண்டு, பின்காலனிய எழுத்து அயற்கவர்ச்சிப் பண்டமாக விற்கப்படுவதை ஆராய்ந்தார். இம்மூவரும் கேட்பது பெரும்பாலும் 'பரிசு என்ன செய்கிறது' என்னும் வினா. அதற்கு முன் கேட்க வேண்டிய சிறிய வினா ஒன்று உண்டு: எந்த நூல் நடுவரின் மேசையை அடைகிறது?

கரும்பிலிருந்து நாவலுக்கு

பரிசின் தோற்றத்தை இங்கு விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. எனினும் பரிசுக்குப் பெயர் தந்த புக்கர் மக்கானல் நிறுவனம் பிரித்தானிய கயானாவின் கரும்புத் தோட்டங்களில் செல்வம் திரட்டியது என்பதைத் தமிழ் ஆய்வாளர் கடந்து செல்வது எளிதன்று. 1838 முதல் 1917 வரை இந்தியாவிலிருந்து அங்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோரில் பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறியவர்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து சென்றோர் சிறுபான்மையினர். அவர்கள் கொண்டுசென்ற மாரியம்மன் வழிபாடு இன்றும் கயானாவில் உயிரோடிருக்கிறது.

அந்நிறுவனம் பின்னாளில் எழுத்தாளர் பிரிவு ஒன்றைத் தொடங்கி, இயான் பிளெமிங், அகதா கிறிஸ்டி போன்றோரின் பதிப்புரிமைகளில் பங்கு வாங்கியது. ஜொனாதன் கேப் பதிப்பகத்தின் டாம் மாஷ்லர், பிரான்சின் கோன்கூர் பரிசைப்போல் பிரிட்டனிலும் ஒன்று வேண்டும் என்று முனைந்தபோது புரவலராகக் கிடைத்தது இந்நிறுவனமே. 1969இல் முதல் பரிசு பி.எச். நியூபிக்கு வழங்கப்பட்டது. 1972இல் பரிசு பெற்ற ஜான் பெர்ஜர், புக்கர் நிறுவனத்தின் கரீபியத் தோட்ட வரலாற்றை ஏற்புரையிலேயே சுட்டிக்காட்டி, 5,000 பவுண்டு பரிசுத் தொகையில் பாதியை இலண்டனில் இயங்கிய கறுஞ்சிறுத்தைகள் இயக்கத்திற்கு அளித்தார். பரிசை எதிர்த்த அந்தச் செயலே பரிசின் புகழை வளர்த்த கதைகளுள் ஒன்றாயிற்று. சர்ச்சைகளே பரிசுக்கு உரம் என்று ஜேம்ஸ் இங்கிலிஷ் கூறுவதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

எண்ணிக்கை என்னும் முதற்சல்லடை

புக்கர் பரிசுக்கு எழுத்தாளர் தம் நூலைத் தாமே அனுப்ப முடியாது. அனுப்பும் உரிமை பிரிட்டனிலோ அயர்லாந்திலோ இயங்கும் பதிப்பகத்திற்கே உண்டு. தாமே பதிப்பித்துக்கொண்ட நூல்களுக்கு இடமில்லை. ஆங்கிலத்திலேயே எழுதப்பட்ட நெடும்புனைவாக இருக்க வேண்டும். அக்டோபர் முதல் செப்டம்பர்வரை என ஓராண்டுக் காலத்திற்குள் அங்கே வெளியாகியிருக்க வேண்டும்.

யார் எழுதலாம் என்னும் விதி 2014இல் மாறியது. அதுவரை காமன்வெல்த் நாடுகள், அயர்லாந்து, ஜிம்பாப்வே ஆகியவற்றின் குடிமக்களுக்கே இப்பரிசு உரியதாக இருந்தது. 2014 முதல் எந்த நாட்டவரும் போட்டியிடலாம் என்றானது. 2016இல் பால் பீட்டியும் 2017இல் ஜார்ஜ் சாண்டர்சும் வென்று, அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் பரிசு அமெரிக்கர்க்குச் சென்றது. இவ்விரிவாக்கத்தைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. அதே வேளையில் மாற்றப்பட்ட மற்றொரு விதி அத்தனை கவனம் பெறவில்லை. என் பார்வையில் அதுவே முதன்மையானது.

அதற்குமுன் ஒவ்வொரு பதிப்பகமும் இரண்டு நூல்கள் அனுப்பலாம் என்றிருந்தது. புதிய விதி, அனுப்பும் எண்ணிக்கையை முந்தைய ஐந்தாண்டுகளில் அப்பதிப்பகம் நெடும்பட்டியலில் பெற்ற இடங்களோடு இணைத்தது. ஐந்தாண்டுகளில் ஒருமுறையும் இடம்பெறாத பதிப்பகம் ஒரு நூல் அனுப்பலாம். ஒன்றிரண்டு இடங்கள் பெற்றது இரண்டு அனுப்பலாம். மூன்று நான்கு பெற்றது மூன்று. ஐந்தும் அதற்கு மேலும் பெற்றது நான்கு. முன்பே பரிசு வென்றோரின் புதிய நூல்களும், அண்மைய ஐந்தாண்டுகளில் குறும்பட்டியல் கண்டோரின் நூல்களும் இக்கணக்கில் சேரா. அவை தனியே உள்ளே வரலாம். இவையன்றி, பதிப்பாளர்கள் காரணம் காட்டிப் பரிந்துரைக்கும் நூல்களிலிருந்து சிலவற்றை நடுவர்கள் கேட்டுப் பெறவும் வழியுண்டு.

நூல்கள் பெருகுவதைத் தடுக்கவும், தரத்தை நிரூபித்த பதிப்பகத்திற்கு மதிப்பளிக்கவும் இவ்விதி தேவை என்று சொல்லலாம். ஐந்து நடுவர்கள் ஏறத்தாழ அரையாண்டுக் காலத்தில் 150க்கும் மேற்பட்ட நாவல்களைப் படிக்க வேண்டியிருப்பதும் உண்மையே. 2022இல் அவ்வெண்ணிக்கை 169. ஆயினும் விதியின் உட்பொருள் வேறு. நேற்றைய வெற்றி இன்றைய வாய்ப்பாகிறது. இன்றைய வாய்ப்பு நாளைய வெற்றிக்கு வழியாகிறது. வேந்தனிடம் பரிசில் பெற்ற பாணன் மற்றொரு பாணனை அதே வேந்தனிடம் வழிப்படுத்துவது ஆற்றுப்படை மரபு. புக்கர் விதியில் வழிப்படுத்தப்படுவது முன்பே பரிசில் பெற்றவனின் அடுத்த பாட்டு. ஒப்புமை முழுதும் பொருந்தாது எனினும், வேறுபாடு நோக்கத்தக்கது.

ஒரு நூல் மட்டுமே அனுப்பக்கூடிய சிறு பதிப்பகத்தில் என்ன நடக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். அவ்வாண்டில் அது வெளியிட்ட நான்கு நாவல்களில் எதனை அனுப்புவது? எது சிறந்தது என்பதோடு எது வெல்லக்கூடியது என்பதும் சேர்ந்தே முடிவாகும். குறும்பட்டியலில் நூல் இடம்பெற்றால் பதிப்பாளர் விளம்பரச் செலவுக்கு 5,000 பவுண்டு அளிக்க வேண்டும், வென்றால் மேலும் 5,000 பவுண்டு அளிக்க வேண்டும் என்னும் நிபந்தனையும் நெடுநாள் விதிகளில் இருந்துவந்தது. ஆகவே பதிப்பாசிரியரின் அறையில் ஒரு நடுவர் குழு முன்னரே கூடிவிடுகிறது. அதன் உறுப்பினர் பெயர்கள் எங்கும் அறிவிக்கப்படுவதில்லை. அதன் தீர்ப்புக்கு விளக்கவுரையும் கிடையாது.

எண்ணிக்கை விதியே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று முடிவுகட்டுவதும் தவறாகும். ஒன்வேர்ல்ட் என்னும் தனியார் சிறு பதிப்பகம் 2015இல் மார்லன் ஜேம்ஸ், 2016இல் பால் பீட்டி, 2023இல் பால் லின்ச் என மூன்று வெற்றியாளர்களை வெளியிட்டிருக்கிறது. வாயில் குறுகியது, ஆனால் அடைபட்டதன்று. விதிகள் முடிவை எழுதுவதில்லை. முடிவு எந்தக் குவியலிலிருந்து எழ முடியும் என்பதை எழுதுகின்றன. நடுவர் விதியை மீறுவதும் உண்டு. 1992இல் பரிசு இருவர்க்குப் பகிரப்பட்டதை அடுத்து, இனிப் பகிரலாகாது என்று விதிக்கப்பட்டது. 2019இன் நடுவர்கள் அதனை மீறி மார்கரெட் அட்வுட், பெர்னார்டைன் எவரிஸ்டோ இருவரையும் தெரிந்தெடுத்தனர். மீறல் நிகழ்ந்தது இறுதிக் கட்டத்தில் என்பதைக் கவனிக்க வேண்டும். குவியலைத் தீர்மானிக்கும் விதியை நடுவர் மீறவும் இயலாது; அது செயற்பட்டு முடிந்த பின்னரே அவர்கள் அவைக்கு வருகிறார்கள்.

ஒரு நாவல், இரு வடிவங்கள்

இலங்கை எழுத்தாளர் ஷெஹான் கருணாதிலகவின் 'தி செவன் மூன்ஸ் ஆஃப் மாலி அல்மெய்தா' 2022இல் புக்கர் பரிசு வென்றது. கொல்லப்பட்ட போர்ப் புகைப்படக்காரன் ஒருவன் மறுமையிலிருந்து தன் கொலையின் காரணத்தைத் தேடும் கதை அது. 1983 சூலை வன்முறையின்போது அவன் எடுத்த படங்கள் கதைப்பின்னலின் நடுவில் இருக்கின்றன. ஈழப்போர்ச் சூழலை அறிந்த தமிழ் வாசகர்க்கு அதன் ஆண்டுகளும் சுருக்கப் பெயர்களும் விளக்கம் வேண்டாதவை.

இந்நாவலின் முந்தைய வடிவம் 2020இல் இந்தியாவில் 'சாட்ஸ் வித் த டெட்' என்னும் பெயரில் வெளிவந்தது. அந்நூல் இந்தியாவில் அச்சேறியது. ஆகவே புக்கர் நடுவரை அது அடைய வழியில்லை. பிரிட்டனின் சிறு பதிப்பகமாகிய சார்ட் ஆஃப் புக்ஸ் அதனை ஏற்றுக்கொண்டபோது, ஆசிரியரும் பதிப்பாளரும் சேர்ந்து நெடிய திருத்தத்தில் ஈடுபட்டனர். இலங்கை அரசியலையும் தொன்மங்களையும் அறியாத மேலைநாட்டு வாசகர்க்கு நாவலைப் பழக்கமாக்குவது அத்திருத்தத்தின் நோக்கங்களுள் ஒன்று என்பதை ஆசிரியரே நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார்.

பரிசு பெற்ற வடிவத்தில், நாட்டுக்குப் புதியவராகிய அமெரிக்கப் பத்திரிகையாளர் ஒருவருக்காக இயக்கங்கள், கட்சிகள், படைகள் ஆகியவற்றின் சுருக்கப் பெயர்களுக்குக் குறிப்பு எழுதித்தரும் பகுதி இருக்கிறது. அங்கதம் மிக்க பகுதி அது. ஆனால் அதன் பணி இரட்டை: கதைக்குள் ஒரு வெளிநாட்டவர்க்கு விளக்கம், கதைக்கு வெளியே மற்றொரு வெளிநாட்டவர்க்கும் அதே விளக்கம். அயல்வாசகன் நாவலுக்குள்ளேயே ஒரு பாத்திரமாக நாற்காலி போட்டு அமர்ந்துகொள்கிறான். இதனைக் குறை என்று நான் கருதவில்லை. எழுத்தாளர் தம் நூலைத் திருத்துவது இயல்பு. திருத்தத்தால் நாவல் சீர்பெற்றது என்று வாதிடவும் இடமுண்டு. நான் சுட்ட விரும்புவது வரிசையை. முதலில் விதி, 'இங்கே பதிப்பிக்கப்பட வேண்டும்' என்றது. பதிப்பாளர், 'இங்குள்ளோர்க்குப் புரிய வேண்டும்' என்றார். நடுவரின் பாராட்டு அதன்பின் வந்தது. 2020இல் நாவலை வாசித்த கொழும்பு, சென்னை வாசகரும் 2022இல் வாசித்த நடுவரும் வாசித்தது ஒரே பிரதி அன்று. 'புக்கர் பரிசு பெற்ற இலங்கை நாவல்' என்று எழுதும் ஆய்வாளர் எந்த வடிவத்தை எடுத்துக்கொள்கிறார் என்பதை முதற்பக்கத்திலேயே சொல்லியாக வேண்டும்.

2021இன் குறும்பட்டியலில் அனுக் அருட்பிரகாசத்தின் 'எ பாசேஜ் நார்த்' இருந்தது. ஆசிரியர் இலங்கைத் தமிழர், நாவல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அடுத்தடுத்த ஈராண்டுகளில் இலங்கைப் போரின் நிழலில் எழுதப்பட்ட இரு நாவல்கள் புக்கர் அவையில் இடம்பெற்றன. போராளியாக வாழ்ந்த அனுபவத்திலிருந்து தமிழில் எழுதப்பட்ட ஷோபாசக்தியின் 'கொரில்லா' 2008இல் இந்தியாவில் ஆங்கிலமாக்கம் கண்டது. மொழிபெயர்ப்பாதலால் புக்கர் பரிசுக்கு அது உரியதன்று. பன்னாட்டு புக்கர் பரிசோ அப்போது தனி நூலுக்கு வழங்கப்படவே இல்லை. மூன்று நாவல்களையும் தரத்தால் ஒப்பிட்டு யாரும் தீர்ப்பு வழங்கவில்லை. ஒப்பிடும் வாய்ப்பே அமையவில்லை என்பதுதான் செய்தி.

மேசையில் இருக்கும் நூல் எது?

பன்னாட்டு புக்கர் பரிசு 2005இல் தொடங்கியபோது ஈராண்டுக்கொருமுறை ஓர் எழுத்தாளரின் மொத்தப் படைப்புக்கு அளிக்கப்பட்டது. இஸ்மாயில் கதாரே முதலில் பெற்றார். சினுவா அச்செபி 2007இல் பெற்றார். 2016 முதல் அது ஆண்டுதோறும் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்ட தனி நூலுக்கு வழங்கப்படுகிறது. தொகை 50,000 பவுண்டு. ஆசிரியர்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் சரிபாதி. இச்சமப் பங்கீடு பாராட்டுக்குரியது. இந்தியாவின் ஜே.சி.பி. பரிசு 2023இல் 'ஆளண்டாப் பட்சி'யின் ஆங்கிலமாக்கத்திற்குக் கிடைத்தது. அப்பரிசின் விதிப்படி ஆசிரியர்க்கு 25 இலட்சம் உரூபாய், மொழிபெயர்ப்பாளர்க்கு 10 இலட்சம். இரு பங்கீடுகளும் மொழிபெயர்ப்பு பற்றிய இருவேறு கொள்கைகள். முன்னது மொழிபெயர்ப்பாளரை இணையாசிரியராகக் கொள்கிறது. பின்னது அவரைத் துணைநின்றவராகக் கொள்கிறது.

சமப் பங்கீட்டின் மறுபக்கம் அத்துணை பேசப்படுவதில்லை. மொழிபெயர்ப்பாளர் இணையாசிரியர் என்றால், மேசைமேல் இருப்பது ஓர் ஆங்கில நூல். அது மட்டுமே மதிப்பிடப்படுகிறது. மூலமொழி அறிவு நடுவர்க்குத் தகுதியாகக் கோரப்படுவதில்லை, கோரினாலும் நடவாது. 2023இன் நெடும்பட்டியலில் இருந்த 13 நூல்கள் 11 மொழிகளிலிருந்து வந்தவை. பல்கேரியம், கட்டலான், தமிழ் ஆகிய மூன்றும் அவ்வாண்டில்தான் பட்டியலுக்குள் முதன்முறையாக நுழைந்தன. பதினொரு மொழியும் அறிந்த ஐவர் குழுவை எங்குத் தேடுவது?

இதன் விளைவு 2016இலேயே வெளிப்பட்டது. ஹான் காங்கின் கொரிய நாவலுக்கு டெபோரா ஸ்மித் செய்த மொழிபெயர்ப்பு பரிசு பெற்றதும், மூலத்தோடு ஒப்பிட்டவர்கள் பிழைகளையும் நடை மாற்றத்தையும் சுட்டினர். மொழிபெயர்ப்பாளர் பக்கம் நின்றோரும் பலர். அவ்விவாதத்தில் இரு தரப்பினரும் வெவ்வேறு பொருள்களைப் பற்றிப் பேசினர் என்பது என் கருத்து. நடுவர் மதிப்பிட்டது ஆங்கிலப் பிரதியை; கொரிய வாசகர் மதிப்பிட்டது இரு பிரதிகளுக்கு இடையிலுள்ள உறவை. இரண்டாவது மதிப்பீட்டுக்கு அப்பரிசில் இடமில்லை.

2025இல் பரிசு பெற்ற பானு முஷ்தாக்கின் 'ஹார்ட் லாம்ப்' இச்சிக்கலின் இன்னொரு முகம். 1990 முதல் 2023 வரை கன்னடத்தில் எழுதப்பட்ட கதைகளிலிருந்து 12 கதைகளைத் தெரிந்து தொகுத்து மொழிபெயர்த்தவர் தீபா பாஸ்தி. ஆறு தொகுதிகளில் பரந்திருந்த ஐம்பதளவான கதைகளிலிருந்து பன்னிரண்டை எடுத்து வரிசைப்படுத்துவதும் ஒரு படைப்புச் செயலே. அந்நூல் அந்த வடிவில் முதலில் உருப்பெற்றது ஆங்கிலத்தில். எட்டுத்தொகையின் கூற்றையும் துறையையும் பேசும் தமிழாய்வாளர்க்குத் தொகுத்தோரின் பங்கு என்ன என்பதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. முப்பது ஆண்டுக் கதைகள் ஓராண்டின் சிறந்த நூலாவதற்கும் இத்தொகுப்புச் செயலே காரணம். பரிசின் ஆண்டு வேறு, இலக்கியத்தின் ஆண்டு வேறு.

பூக்குழியின் பத்தாண்டுகள்

இனி 'பூக்குழி'க்கு வரலாம். காலச்சுவடு வெளியீடாகத் தமிழில் அது வந்தது 2013இல். சாதி மறுத்து மணந்த குமரேசன், சரோஜா இணையரின் கதை. அதே ஆண்டில் தருமபுரி இளைஞர் ஒருவரின் மரணம் தமிழகத்தை உலுக்கியிருந்தது. அன்றைய வாசகர் அந்நாவலைக் கையில் எடுத்தபோது நாளேட்டுச் செய்திகளும் உடன்வந்தன.

அனிருத்தன் வாசுதேவனின் ஆங்கிலமாக்கம் 'பைர்' என்னும் பெயரில் 2016இல் இந்தியாவில் பெங்குவின் வெளியீடாக வந்தது. பன்னாட்டு புக்கர் பரிசு தனி நூல்களுக்கு உரியதாக மாறியதும் அதே 2016இல்தான். ஆனால் இந்தியப் பதிப்பு கணக்கில் வராது. பிரிட்டனில் புஷ்கின் பதிப்பகம் அதனை வெளியிட்டது 2022இல். 2022 மே முதல் 2023 ஏப்ரல்வரை அங்கே வெளியான நூல்களுக்கு உரிய பரிசில் அது இடம்பிடித்தது. மொழிபெயர்ப்பாளர் அவரே, மொழிபெயர்ப்பும் அடிப்படையில் அதுவே. ஆறு ஆண்டுகளாகத் தகுதியற்றிருந்த ஒரு மொழிபெயர்ப்பு ஏழாம் ஆண்டில் தகுதியுடையதாயிற்று. இடையில் மாறியது பதிப்பகத்தின் முகவரி.

இது 'பூக்குழி'க்கு மட்டும் நேர்ந்ததன்று. 2010இல் வந்த 'மாதொருபாகன்' 2013இல் இந்தியாவில் ஆங்கிலமாக்கம் கண்டு, அமெரிக்கப் பதிப்பு 2018இல் வந்த பின்னரே அந்நாட்டின் தேசியப் புத்தகப் பரிசின் மொழிபெயர்ப்பு நெடும்பட்டியலை அடைந்தது. மாறாக, கீதாஞ்சலி ஸ்ரீயின் இந்தி நாவல் வேறு வழியில் சென்றது. 2018இல் இந்தியில் வந்த அதனை டெய்சி ராக்வெல் மொழிபெயர்க்க, இலண்டனின் டில்டட் ஆக்சிஸ் பதிப்பகம் 2021இல் முதலில் அங்கே வெளியிட்டது. 2022இல் பரிசு கிட்டியது. இந்தியிலிருந்து இலண்டனுக்கு மூன்று ஆண்டு, தமிழிலிருந்து ஒன்பது ஆண்டு. இவ்வேறுபாட்டை இரு மொழி இலக்கியங்களின் தர வேறுபாடாகக் கொள்வார் எவருமிலர். ஆனால் 'தமிழுக்கு ஏன் இன்னும் புக்கர் கிடைக்கவில்லை' என்று கேட்கும்போது நாம் அறியாமலே அதனைத் தரத்தின் வினாவாக்கிவிடுகிறோம். பிரிட்டனில் எத்தனை தமிழ் நூல்கள் அச்சாயின என்பது அதனினும் முந்திய வினா. 2023இல் 134 நூல்களும் 2025இல் 154 நூல்களும் நடுவர் முன் வந்தன. அக்குவியலில் தமிழின் பங்கு எவ்வளவாக இருக்க முடியும் என்பதை ஊகிக்கக் கடினமில்லை.

இன்னொன்று, மொழி. 'பூக்குழி'யின் உரையாடல்களில் கொங்கு வட்டாரப் பேச்சு ஓர் அலங்காரமன்று. நாவலில் சாதியின் பெயர் சொல்லப்படுவதில்லை. வசையும் விளியும் உறவுச்சொல்லும் ஊர்ப்பேச்சின் இழைவுமே அதனைச் சொல்லாமற் சொல்கின்றன. ஒருவர் வாய்திறந்ததும் அவர் எவ்விடத்தார் என்று காட்டிவிடும் அந்த ஒலியை ஆங்கிலத்தில் கேட்பிக்க இயலாது. மொழிபெயர்ப்பாளரின் திறமைக் குறைவன்று இது. இதனால் இரு பிரதிகளிலும் மௌனம் இரு வகைப்படுகிறது. தமிழில் பெயர் சொல்லாமை வாசகனை உடந்தையாக்குகிறது, ஏனெனில் அவனுக்குத் தெரியும். ஆங்கிலத்தில் அதே சொல்லாமை கதையை எவ்விடத்துக்கும் உரிய தொன்மக் கதையின் பக்கம் நகர்த்துகிறது. பின்னதும் ஒரு வலிமையே. நடுவரை ஈர்த்ததில் அதற்கும் பங்கிருக்கலாம். ஆனால் அவ்வலிமை தமிழ் நாவலின் வலிமை அன்று.

ஆய்வேட்டில் விருதின் இடம்

சாகித்திய அகாதெமி விருதைப் பற்றி நமக்குக் குறைகள் ஆயிரம் உண்டு. இங்கு அவற்றைப் பேசவில்லை. ஓர் அடிப்படை வேறுபாட்டை மட்டும் குறிக்கலாம். அவ்விருதின் மூவர் குழு தமிழ் நூலைத் தமிழிலேயே படித்து மதிப்பிடுகிறது. குறிப்பிட்ட ஐந்தாண்டுக் காலத்தில் முதலில் வெளியான நூல் என்பதே அதன் எல்லை. தீர்ப்பு ஏற்கத்தக்கதோ அன்றோ, தீர்ப்புக்குரிய பொருள் நம் கையிலுள்ள தமிழ் நூல். பன்னாட்டு புக்கரில் அப்பொருளே வேறு. இரு விருதுகளையும் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்த நிரல்களில் இடும் ஆய்வேடு, எடையையும் நீளத்தையும் ஒரே அலகில் கூட்டுகிறது.

அவ்வாறாயின் பன்னாட்டு விருதுகளைத் தமிழாய்வு புறக்கணிக்கலாமா? கூடாது என்றே நினைக்கிறேன். அவை மொழிபெயர்ப்பியலுக்கும் பதிப்பு வரலாற்றுக்கும் மிகச் சிறந்த ஆய்வுப்பொருள். 'பைர்' பற்றி எழுத முற்படுவோர் 2013இன் காலச்சுவடு பதிப்பு, 2016இன் பெங்குவின் பதிப்பு, 2022இன் புஷ்கின் பதிப்பு ஆகிய மூன்றையும் அருகருகே வைத்து, அட்டையும் பின்னட்டைக் குறிப்பும் மொழிபெயர்ப்பாளர் குறிப்பும் எவ்வாறு மாறின, யாரை நோக்கிப் பேசின என்று பார்க்கலாம். பாட வேறுபாடு காண்பதில் தமிழியலுக்கு நூறாண்டுப் பயிற்சி இருக்கிறது. ஏட்டுச்சுவடிகளில் செய்ததை அச்சுப் பதிப்புகளில் செய்யத் தயங்க வேண்டியதில்லை. பல்கலைக்கழக நூலகங்கள் பொதுவாக ஒரு நாவலின் ஒரு பதிப்பையே வாங்குகின்றன என்பது இதில் முதல் தடை. பிரிட்டன் பதிப்பை ஆய்வு மாணவர் தம் உதவித்தொகையில் வாங்குவது எளிதன்று. கிடைத்த பதிப்பையே கிடைக்காத பதிப்பாகவும் கருதி மேற்கோள் காட்டும் பழக்கம் இங்கிருந்தே தொடங்குகிறது.

மேற்கோள் முறையிலும் ஒரு திருத்தம் வேண்டும். 'பூக்குழி, பன்னாட்டு புக்கர் நெடும்பட்டியல், 2023' என்று எழுதும்போது, எட்டாண்டுக்கு முன் ஆய்வுசெய்தவர் படித்த அதே தமிழ் நாவல் ஏதோ புதிய தகுதி பெற்றுவிட்டதுபோல் ஆகிறது. 'அனிருத்தன் வாசுதேவன் மொழிபெயர்ப்பு, புஷ்கின் பதிப்பு, 2022' என்பதைச் சேர்த்தால் நடந்தது தெளிவாகும். ஒரு வரி கூடுதல். நெறியாளர்கள் வலியுறுத்தினால் அடுத்த பருவத்திலிருந்தே வழக்கத்திற்கு வந்துவிடும்.